அன்னை கேட்ட தீர்த்தம்

மகாராஷ்டிர மாநிலத்தின் சாத்தாரா மாவட்டத்தில், சஹ்யாத்திரி மலையின் மேல், ஐந்து நதிகள் ஒரே கோமுகத்தின் வழியே வெளிப்படும் புண்ணியத் தலம் ஒன்று உள்ளது. க்ஷேத்திர மகாபலேஷ்வர் என்பது அதன் பெயர். பேருந்திலும் காரிலும் சென்று தரிசித்து வரும் அன்பர்கள் ஏராளம். புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் அந்த மலைக்கு இருவர் மிதிவண்டியில் சென்றனர். புனேயிலிருந்து மகாபலேஷ்வர் ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவு. சென்ற அன்றே திரும்பிவிடுவது அவர்களது திட்டம்.

ஒருவர் கும்பகோணத்தைப் பூர்விகமாகக் கொண்டு, நெடுங்காலமாகப் புனேயில் வாழும் பொறியாளர், வயது 52. மற்றவர் அவ்வூரைச் சேர்ந்த மராட்டிய மருத்துவர், அறுபதைத் தொட்டவர். இருவரும் புறப்பட்டது தரிசனத்துக்காக அன்று, பந்தயப் பயிற்சிக்காக. புனேயில் தொடங்கி, மலை ஏற்றங்களைக் கடந்து, கோவாவில் முடிவது ‘டெக்கான் கிளிஃப்ஹேங்கர்’ என்னும் மிதிவண்டிப் பந்தயம். தொலைவு ஏறத்தாழ 640 கி.மீ. இரவும் பகலும் ஓட்டி, குறித்த நேரத்துக்குள் சென்று சேர வேண்டும்.

அதனினும் பெரிய பந்தயம் ஒன்று அமெரிக்காவில் நடைபெறுகிறது. 1982-ஆம் ஆண்டு தொடங்கிய அது, அந்நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஏறத்தாழ 4,800 கி.மீ. நீள்வது. நாசிக் நகரத்து மருத்துவச் சகோதரர்களான ஹிதேந்திர மகாஜனும் மகேந்திர மகாஜனும் 2015-இல் இருவர் அணியாக அதனை நிறைவு செய்தனர். 2017-இல் இராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத்தும், நாக்பூர் மருத்துவர் அமித் சமர்த்தும் தனித்தனியே ஓட்டி நிறைவு செய்தனர். கோவா பந்தயத்தை உரிய நேரத்தில் முடிப்பவர்கள் அமெரிக்கப் பந்தயத்தில் கலந்துகொள்ளத் தகுதி பெறுகின்றனர்.

பொறியாளரின் மனம் அமெரிக்கா வரை செல்லவில்லை. கோவாவைச் சென்று சேர்ந்தால் போதும் என்பதே அவரது எண்ணம். முந்தைய ஆண்டு பாதித் தொலைவைத் தாண்டிய பிறகு, நள்ளிரவில் வாந்தி எடுத்துச் சாலையோரம் அமர்ந்துவிட்டார். உடன் வந்த காரில் ஏற்றித்தான் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்று அதைப் பார்த்தவர் அவருடைய அன்னை.

அந்த அம்மையாருக்கு வயது 79. ‘இந்த வயதில் உனக்கு எதற்கு இது?’ என்று அன்றும் கேட்கவில்லை; மறு ஆண்டு மகன் மீண்டும் பயிற்சி தொடங்கியபோதும் கேட்கவில்லை. மகாபலேஷ்வர் வரை ஓட்டப் போகிறான் என்று அறிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். “கிருஷ்ணா நதி பிறக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தீர்த்தம் கொண்டு வா.”

அதற்குப் பின்னே பழைய கதை ஒன்று இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில் கணவரும் அவரும் அந்தத் தலத்துக்குப் புறப்பட்டனர். மலைச்சாலையில் மண் சரிந்து பேருந்துகள் நிறுத்தப்பட்டதால், அடிவாரத்தோடு திரும்ப நேர்ந்தது. ‘அடுத்த முறை போகலாம்’ என்றார் கணவர். அடுத்த முறை வாய்க்கவில்லை. இப்போது கணவர் இல்லை. அம்மையாரின் முழங்கால்கள் வீட்டுப் படிகளுக்கே இணங்குவதில்லை.

மகன் சரி என்றார். ஆனால் மனத்துக்குள் கணக்கு ஓடியது. பஞ்சகங்கை ஆலயம் மகாபலேஷ்வர் ஊருக்குள் இல்லை. ஏறத்தாழ 6 கி.மீ. தள்ளி உள்ளது. போக வர 12 கி.மீ.; தரிசனத்துக்கு ஒரு மணி நேரம். மாலை ஏழு மணிக்குள் வீடு திரும்பினால்தான் பயிற்சி சரியாக நடந்ததாகப் பொருள் என்று அவர் வகுத்து வைத்திருந்தார். அம்மையார் கொடுத்ததோ மூடியிட்ட சிறு செப்புச் சொம்பு. மிதிவண்டியில் கூடுதலாக நூறு கிராம் ஏறினாலும் யோசிப்பவர் அவர். “இந்த பாட்டிலிலேயே பிடித்து வருகிறேனே அம்மா” என்றார். “தீர்த்தம் செம்பில்தான் வரவேண்டும்” என்று கூறிவிட்டார் அன்னை.

புளியோதரைப் பொட்டலங்கள் நான்கையும் அவரே கட்டிக் கொடுத்தார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் உபவாசம் இருப்பது அவர் வழக்கம். மகனும் சிறு வயது முதல் இருந்து வந்தவர். அன்று அன்னை சொன்னார்: “உனக்கும் சேர்த்து நான் இருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.”

விடியற்காலை மூன்று மணிக்கு இருவரும் புறப்பட்டனர். காத்ரஜ் மலைப்பாதையைத் தாண்டி, இருளில் சாத்தாரா நெடுஞ்சாலையைப் பிடித்தனர். சிர்வள் அருகே நீரா நதியைக் கடந்தபோது கிழக்கு வெளுத்தது. அங்கே ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி உண்டனர். கம்பாட்கி மலைப்பாதையின் வளைவுகளில் ஏறும்போது கதிரவன் உதித்தான். மழைக்காலம் விடைபெறும் நேரமாதலால் குன்றுகள் யாவும் பசுமை போர்த்தியிருந்தன. சுரூர் என்னும் இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு வலப்புறம் திரும்பி, ஏழு மணியளவில் வாயி நகரை அடைந்தனர்.

கிருஷ்ணா நதிக்கரையில் வரிசையாகப் படித்துறைகள் அமைந்த வாயி, தென்காசி என்று மராட்டிய மக்களால் போற்றப்படுவது. பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த விராட நகரம் இதுவே என்பது இவ்வூர் நம்பிக்கை. ஆற்றங்கரையில் வீற்றிருப்பவர் மகாகணபதி. பெருத்த திருமேனி காரணமாக மக்கள் அன்போடு அழைக்கும் பெயர் ‘டோல்யா கணபதி’. அதாவது, கொழுத்த கணபதி. 1762-ஆம் ஆண்டு கணபதிராவ் ராஸ்தே என்பவர் கட்டிய இந்த ஆலயத்தின் சிறப்பு கருவறையின் பின்சுவர். ஆற்றின் வெள்ளம் வந்து மோதும் பக்கத்தில் அச்சுவர் தட்டையாக இராமல், மீனின் முகம்போல் கூராக அமைந்துள்ளது. பாய்ந்து வரும் வெள்ளம் அந்த முனையில் இரண்டாகப் பிரிந்து, ஆலயத்துக்கு ஊறு செய்யாமல் இருபுறமும் ஓடிவிடும். இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக வெள்ளங்களைக் கண்டு நிற்கும் சுவர் அது.

மருத்துவர் கைகால் அலம்பிக்கொண்டு தரிசனத்துக்குச் சென்றார். பொறியாளர் வெளியிலேயே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து வந்த மருத்துவர் பின்சுவரைச் சுட்டிக்காட்டி, வெள்ளத்தை எதிர்த்து நிற்காமல் வழிவிட்டு நிற்பதால்தான் இது இன்னும் நிற்கிறது என்றார். பொறியாளர் தலையை அசைத்தார். அவர் மனம் அடுத்த ஏற்றத்தில் இருந்தது.

வாயியிலிருந்து பாஞ்ச்கணிக்கு ஏறும் பாதை பசரணி மலைப்பாதை எனப்படுகிறது. வாயி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்க, பாஞ்ச்கணி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடையே சாலை வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே இருக்கும். வாயியில் கழிந்த நேரத்தை இங்கே ஈடுகட்ட வேண்டும் என்று பொறியாளர் வேகமாக மிதித்தார். மருத்துவர் பின்தங்கிவிட்டார். ஏறுமுகத்தில் நின்றால் மூச்சின் ஒழுங்கு கெடும் என்று உண்ணவும் நிற்கவில்லை. பனிமூட்டத்தின் குளிர்ச்சியில் தாகம் தெரியாததால் நீரும் அருந்தவில்லை. பாஞ்ச்கணிக்குச் சற்று முன்னால் இரண்டு தொடைகளும் கல்லாக இறுகின. தலை சுற்றியது. வண்டியைச் சாய்த்துவிட்டுச் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் அமர்ந்தார். முந்தைய ஆண்டு நள்ளிரவில் அமர்ந்த அதே நிலை.

சற்று நேரத்தில், ஏறிய அதே சீரான கதியில் மருத்துவர் வந்து சேர்ந்தார். நாடி பார்த்தார். உப்பு கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். பின்னர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தார். தசைகளிலும் கல்லீரலிலும் உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து, கடும் உழைப்பில் இரண்டு மணி நேர அளவிலேயே தீரத் தொடங்கிவிடும். அதன் பிறகு மணிக்கு மணி சிறிதளவேனும் உண்டால்தான் கால் நகரும். வியர்வையோடு போகும் உப்பையும் ஈடு செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் பொறியாளரும் அறிவார். அறிந்திருந்தும் நிற்கவில்லை.

“சென்ற ஆண்டு நீங்கள் ஓட்ட முடியாமல் தோற்கவில்லை. நிற்க மனம் வராமல் தோற்றீர்கள்” என்றார் மருத்துவர். அவர் குரலில் கடிந்துரை இல்லை. அதனாலேயே அச்சொல் ஆழமாகத் தைத்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு என்று, தான் பட்டினி இருந்துகொண்டு சொல்லி அனுப்பிய அன்னையின் முகம் அப்போது அவர் நினைவுக்கு வந்தது. அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்து உண்டார். எழுந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

பாஞ்ச்கணியிலிருந்து மகாபலேஷ்வர் வரை ஏறத்தாழ 19 கி.மீ. செம்மண் நிலங்களில் ஸ்ட்ராபெரி நாற்றுகள் நடும் பருவம். இருவரும் இணையாக, நிதானமாக ஓட்டினர். க்ஷேத்திரத்துக்குச் செல்லும் கிளைச்சாலையில் திரும்ப வேண்டும் என்று மருத்துவர் நினைவூட்டத் தேவை ஏற்படவில்லை.

ஆலய வாசலில் பொறியாளருக்குச் சிறு தயக்கம். வியர்வையில் நனைந்த இறுக்கமான உடையோடு சந்நிதிக்குள் எப்படி நுழைவது? அங்கிருந்த குழாயில் உடல் துடைத்து, சொம்பைச் சுற்றி வைத்திருந்த வேட்டியை எடுத்து உடுத்திக்கொண்டார். சொம்பு உடையாமல் இருக்கவே அன்னை வேட்டியைச் சுற்றினார் என்று எண்ணியிருந்தார். செப்புச் சொம்பு எப்படி உடையும் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

மகாபலேஷ்வரர் சுயம்பு மூர்த்தி. ருத்திராட்சம் போன்ற மேனி உடையவர். மகாபலன், அதிபலன் என்னும் அசுரச் சகோதரர்கள் சஹ்யாத்திரியில் தவமிருந்தோரைத் துன்புறுத்தினர். அதிபலனைத் திருமால் வதைத்தார். எவராலும் வெல்ல முடியாத மகாபலனைத் தேவி மயக்க, அவன் தன் பெயரால் இறைவன் இங்கு எழுந்தருள வேண்டும் என்று வரம் கேட்டுச் சரணடைந்தான் என்கிறது தலபுராணம். பெரும் பலம் படைத்தவனும் இறுதியில் பணிந்த இடம் இது. இரவில் இறைவன் வந்து துயில்வதாக நம்பி இங்கே படுக்கை விரித்து வைக்கிறார்கள். காலையில் விரிப்பு கசங்கியிருக்கும் என்பர். சத்ரபதி சிவாஜி தம் அன்னை ஜீஜாபாயைத் துலாத்தட்டில் அமர்த்தி, எடைக்கு எடை பொன் அளித்ததும் இந்தச் சந்நிதியில்தான். அர்ச்சகர் இதனைச் சொன்னபோது, நூறு கிராமுக்குக் கணக்குப் பார்த்த மகன் தலை குனிந்து நின்றார்.

அருகிலேயே பஞ்சகங்கை ஆலயம். கிருஷ்ணா, வேண்ணா, கொய்னா, சாவித்ரி, காயத்ரி ஆகிய ஐந்து நதிகளின் ஊற்றுகளும் ஒன்றுகூடிக் கோமுகத்தின் வழியே குண்டத்தில் விழுகின்றன. பிரம்மா செய்த யாகத்துக்கு சாவித்ரி தேவி வரத் தாமதமாக, காயத்ரியை உடன் அமர்த்தி யாகம் தொடங்கப்பட்டது. சினமுற்ற சாவித்ரியின் சாபத்தால் திருமால் கிருஷ்ணாவாகவும், சிவபெருமான் வேண்ணாவாகவும், பிரம்மா கொய்னாவாகவும் மாறினர் என்பது புராண மரபு. சாவித்ரி நதி மேற்கே அரபிக் கடலை நாடுகிறது. கிருஷ்ணா கிழக்கே திரும்பி, நான்கு மாநிலங்கள் வழியே, ஏறத்தாழ 1,400 கி.மீ. ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. அத்தனை நீண்ட பயணத்துக்குப் புறப்படும் நதி, இங்கே குண்டத்தில் சற்றே தேங்கி நின்றுவிட்டுத்தான் கிளம்புகிறது.

பொறியாளர் கோமுகத்தின் அடியில் சொம்பை ஏந்தினார். அது நிரம்பும் வரை அசையாமல் நின்றார்.

இத்தலத்துக்குச் செல்லும் முதியோர் மழைக்காலத்தைத் தவிர்ப்பது நலம். மலைச்சாலை வழுக்கும், மழையும் மிகக் கடுமையாகப் பெய்யும். ஐப்பசி முதல் மாசி வரை ஏற்ற காலம். குளிர் மிகுந்திருக்குமாதலால் கம்பளி உடை கட்டாயம் தேவை.

அன்று இருவரும் புனே திரும்பியபோது இரவு ஒன்பது மணி கடந்திருந்தது. திட்டமிட்டதைக் காட்டிலும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். ஆனால் முந்தைய ஆண்டைப்போல் எவரும் கைத்தாங்கலாக அழைத்து வரவில்லை. காத்ரஜ் ஏற்றத்தைக் கடைசியாக ஒருமுறை ஏறித் தன் கால்களாலேயே வந்து வாசலில் இறங்கினார் பொறியாளர். பொட்டலங்கள் நான்கும் காலியாகி இருந்தன.

அன்னை முதலில் பார்த்தது பொட்டலப் பையைத்தான். சொம்பை அதன் பிறகே வாங்கினார். கணவரின் படத்தின் முன் வைத்து விளக்கேற்றினார். “வந்துவிட்டது” என்று மட்டும் படத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஓர் உத்தரணி தீர்த்தத்தை மகனுக்குக் கொடுத்து, தானும் பருகி உபவாசத்தை முடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சென்னையில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். பாதித் தீர்த்தத்தை அனுப்பி வைக்கட்டுமா என்றும் கேட்டார். தங்கை சிரித்தார். ஸ்ரீசைலம் அணையிலிருந்து கால்வாய் வழியே பூண்டி ஏரிக்கு வரும் கிருஷ்ணா நீர், 1996 முதல் சென்னையின் தாகம் தீர்த்து வருகிறது அல்லவா? “எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அந்தக் கிருஷ்ணாதானே, அக்கா!” என்றார்.

அம்மையார் ஒரு கணம் யோசித்தார். “உனக்கு அவள் நடந்தே வருகிறாள். எனக்குப் பிள்ளை போய் அழைத்து வர வேண்டியிருந்தது” என்றார்.

கோவா பந்தயத்துக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. அடுத்த சனிக்கிழமைப் பயிற்சிக்கு எத்தனை பொட்டலங்கள் வேண்டும் என்று அன்னை கேட்டார். ஐந்து என்றார் மகன்.