மாமாவுக்கு வாங்கிய றீல்

மட்டக்களப்பிலே கல்லடிக் கடற்கரையில் நின்று தூண்டிலெறிந்தவர்களுள் எமது மாமாவும் ஒருவர். அவரிடம் கோலும் இல்லை, றீலும் இல்லை. ஈயக்குண்டு கட்டிய தங்கூசியைத் தலைக்குமேல் மூன்று தரம் சுழற்றி விட்டாரென்றால், அஃது அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய் விழும். 74 வயதிலே தோள்மூட்டு அவரைக் கைவிட்டது. "அலைக்கு அங்கால ஒருக்கா எறிஞ்சு பார்த்தாப் போதும், மருமகன்" என்று அவர் சொன்ன அன்றே, நாம் றீல் தேடப் புறப்பட்டோம்.

முதலில் வாங்கியது முழுத் தவறு. கொழும்பிலே ஒரு கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த பெரிய, பளபளக்கும் றீலின் அழகிலே மயங்கிவிட்டோம். பெரியது பலமுள்ளது என்பது எமது கணக்கு. அது வள்ளத்திலிருந்து நூலை நேரே கீழே இறக்குவதற்கு ஏற்றது. கரையிலிருந்து வீசுவதற்கு உரியதன்று.

காரணம் பின்னர்தான் விளங்கிற்று. இவ்வகை றீலில் நூல் சுற்றிய உருளை, எறியும்போது தானே சுழன்று நூலை விடவேண்டும். ஈயம் காற்றிலே செல்லச் செல்ல வேகம் தளரும்; உருளையோ தொடங்கிய வேகத்திலேயே சுழலப் பார்க்கும். போகும் நூலைவிட விடும் நூல் மிகுந்தால், அது உருளைமேற் குருவிக்கூடுபோலச் சிக்கிக் கொள்ளும். அகன்ற பித்தளை உருளை ஒருமுறை வேகம் பிடித்தால் இலகுவில் அடங்காது. ஆகவே கரைக்கு வேண்டியது ஒடுங்கிய, பாரங்குறைந்த அலுமினிய உருளை.

இதனை நாம் கற்றது ஓர் ஆவணி மாலையில். 4 அவுன்ஸ் ஈயத்தை மெல்லிய தங்கூசியிலே நேரே கட்டி, மாமாவுக்கு முன்னே வித்தை காட்ட முனைந்தோம். நூல் சிக்கிற்று, "படார்" என்று அறுந்தது. ஈயம் பக்கவாட்டிற் பறந்து, வள்ளத்தருகே நின்ற ஒரு சிறுவனுக்கு இரண்டு முழந் தள்ளி மணலிற் புதைந்தது. சிறுவன் சிரித்தான். எமக்குக் கால்கள் நடுங்கின. மாமா ஒன்றும் பேசாமற் போய் அந்த ஈயத்தைத் தோண்டி எடுத்து எமது கையிலே வைத்தார். மெல்லிய நூலின் முனையில், கோலின் நீளத்துக்குமேற் சற்று நீண்ட தடித்த நூல் ஒன்றை முடிவது கட்டாயம். ஈயத்தின் ஓர் அவுன்சுக்கு 10 இறாத்தற் பலம் என்பது கரையெறிவோர் கைக்கொள்ளும் கணக்கு. றீல் வாங்குவோர் இந்த நூலையும் சேர்த்தே வாங்குக.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. உருளை நிலையாக நின்று நூல் வளையம் வளையமாகக் கழன்று செல்லும் மற்றவகை றீலை வாங்கும்படி நண்பரொருவர் சொன்னார். பழகுவதற்கு அதுவே இலகு என்பது உண்மை. ஆனால் மாமா மறுத்துவிட்டார். "நூல் என்ர பெருவிரலுக்குக் கீழே ஓட வேணும்" என்றார். ஐம்பது வருடம் நூலோடு பேசிய விரல் அது, நாம் வாதாடவில்லை.

தெரிந்தெடுத்த றீலின் பக்கத்தட்டிற் சிறு காந்தங்கள் இருந்தன. காந்தம் அலுமினியத்தை இழுக்காதே என்று எமது வீட்டு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. காந்தத்தருகே அலுமினியம் சுழலும்போது அதனுள்ளே மின்னோட்டங்கள் சுழித்தெழுந்து அச்சுழற்சியையே எதிர்க்கும். வேகம் கூடினால் தடையும் கூடும். எதிர்காற்றிலே காந்தத்தைக் கிட்ட வைப்பதும், கச்சான் முதுகுப்புறமிருந்து வீசும்போது சற்று விலக்குவதும் ஒரு திருகின் வேலை. 0.35 மில்லிமீற்றர் தங்கூசி 200 மீற்றராவது கொள்ள வேண்டும் என்றும் பார்த்தோம். பற்சக்கரத்திலே மிக விரைவானதை விரும்பாமல், கைபிடி ஒரு சுற்றுக்கு உருளை ஐந்து சுற்றுச் சுற்றுவதை எடுத்தோம். முதியவர் கைக்கு வேகத்தைவிட இலகுவே வேண்டும்.

இந்த வகை றீலுக்கும் கடிகாரத்துக்கும் ஓர் உறவு உண்டு. அமெரிக்காவிலே கென்ரக்கி மாநிலத்தில், 1820ஆம் ஆண்டளவில் இதனை முதலிற் செய்தவராகக் கூறப்படும் ஜோர்ஜ் சினைடர் ஒரு கடிகாரத் தொழிலாளர். 1952இல் அம்பாசடர் றீலை வெளியிட்ட சுவீடனின் ஆபு நிறுவனமும், 1921இற் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதே. உப்புநீர் பட்டதும் நன்னீரால் மெல்லக் கழுவித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் இடாதவனிடம் இப்பொருள் நிலைக்காது.

ஆனி மாதத்து ஒரு விடியற்காலை, கச்சான் வீசிக்கொண்டிருந்தது. மாமா கோலை இரு கையாலும் பிடித்தார். பெருவிரலை உருளைமேல் வைத்தார். எறிந்தார். ஈயம் இரண்டாவது அலைவரிசைக்கு அப்பால் விழுந்தது. அது நீரைத் தொட்ட கணத்திலே விரல் தானாகவே அழுந்திற்று. ஒரு முழ நூல்கூடச் சிக்கவில்லை. நெடுநேரத்தின்பின் ஒன்றரை இறாத்தற் பாரை ஒன்று வந்தது.

"என்ன விலை மருமகன், இது?" என்று றீலைத் தடவிக்கொண்டு கேட்டார். பாதி விலையைச் சொன்னோம். மாமி ஏற்கெனவே முழுவதையும் சொல்லியிருந்தது எமக்குத் தெரியாது. அவர் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் இரை கோக்கத் தொடங்கினார்.