கடையை மூடினார், கணக்கை மூடவில்லை

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்த நம் முன்னோர்கள் மனித சுபாவத்தை நன்றாய் அறிந்தவர்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் நம் மனக்கண் முன் ஒரு சட்டைக் கடைக்காரர் வந்து நிற்கிறார். அவர் தமிழரல்லர், இந்தியருமல்லர். அமெரிக்காவில் மிஸௌரி மாகாணத்து இண்டிபெண்டன்ஸ் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். பட்டாளத்திலிருந்து திரும்பிக் கடை வைத்தவர். வைத்த கடையை மூடியவர். பெயர் ஹாரி ட்ரூமன். பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதியானார். ஜனாதிபதியைப் பற்றிப் புத்தகங்கள் ஏராளம். நாம் இங்கே கடைக்காரரைப் பற்றிச் சிறிது பேசலாம்.

1884-ல் பிறந்த ட்ரூமன் 1901-ல் உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்தார். தகப்பனார் தானிய வியாபாரச் சூதில் கைப்பொருளை இழந்துவிட்டதால், காலேஜ் வாசல் அவருக்குத் திறக்கவில்லை. 1906 முதல் குடும்பப் பண்ணையில் ஏர் பிடித்தார். கண் பார்வையோ மிகவும் மட்டம். பரிசோதனை அட்டையிலுள்ள எழுத்துக்களை மனப்பாடம் செய்து ஒப்பித்துத்தான் உள்ளூர்ப் படையில் சேர்ந்தார் என்று சொல்வார்கள். 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபோது அவருக்கு வயது 32. வீட்டோடு இருந்துவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் போனார்.

ஓக்லஹோமாவிலிருந்த பயிற்சி முகாமில் சிப்பாய்களுக்காக ஒரு கடை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. கடைத் தொழில் தெரிந்த எட்டி ஜேகப்ஸன் என்ற யூத வாலிபரைத் துணைக்குச் சேர்த்துக் கொண்டார். மற்றப் படைப்பிரிவுகளின் கடைகள் நஷ்டத்தில் தள்ளாட, இவர்களுடைய கடை லாபம் காட்டியது. பிறகு பிரான்ஸ். அங்கே, யாருக்கும் அடங்காதவர்கள் என்று பெயரெடுத்த ஒரு பீரங்கிப் பிரிவுக்கு ட்ரூமன் காப்டனானார். சுமார் 200 பேர். மூக்குக் கண்ணாடி போட்ட இந்தக் குடியானவருக்கு அவர்கள் அடங்கினார்கள். அடங்கியதோடு அன்பும் வைத்தார்கள். 1918 நவம்பர் 11-ந் தேதி பீரங்கிகள் ஓய்ந்தன.

ஊர் திரும்பியதும் கலியாணம். 1919 நவம்பர் மாதக் கடைசியில், இண்டிபெண்டன்ஸுக்குச் சுமார் பத்து மைல் தூரத்திலுள்ள கான்ஸஸ் நகரத்தில், ட்ரூமனும் ஜேகப்ஸனும் கூட்டாகக் கடை திறந்தார்கள். பண்ணையில் தமக்கிருந்த ஆடுமாடுகளையும் கருவிகளையும் விற்று ட்ரூமன் முதல் போட்டார். சட்டை, கழுத்துப் பட்டை, தொப்பி, கையுறை, காலுறை முதலான ஆடவர் சரக்கு. காலை 8 மணி முதல் இரவு 9 மணி வரை வியாபாரம். பழைய பட்டாளத்துத் தோழர்கள் சட்டை வாங்கவும் வருவார்கள். வாங்காமல் வம்பளக்கவும் வருவார்கள். அவர்கள் தங்கள் காப்டனுக்குப் பரிசளித்த பெரிய வெள்ளிக் கோப்பை கடையில் பளபளத்துக் கொண்டிருந்தது. முதல் வருஷம் சுமார் 70,000 டாலருக்கு விற்பனையாயிற்று.

இரண்டாம் வருஷம் சனி பிடித்தது. யுத்த காலத்தில் ஏறியிருந்த தானிய விலை 1920 முடிவில் சரிந்தது. குடியானவன் பை காலியானால் பட்டணத்துக் கடை காலியாவதற்கு எத்தனை நாள் ஆகும்? வயிற்றுச் செலவை யாரும் நிறுத்த முடியாது. பட்டுச் சட்டையை நிறுத்தலாம். விலை ஏறியிருந்தபோது கொள்முதல் செய்த சரக்கு, விலை இறங்கிய பிறகு அலமாரியில் அப்படியே கிடந்தது. பத்துக்கு வாங்கினதை நாலுக்கு விற்க வேண்டிய நிலைமை. சரக்கின் மதிப்பு குறைந்ததே ஒழிய, பாங்குக் கடன் ஒரு காசு கூடக் குறையவில்லை. வியாபாரத்தில் இறங்கிய குடும்பங்களுக்கு இந்த வேடிக்கை நன்றாய்த் தெரியும். 1922-ல் கடை மூடப்பட்டது.

நம் ஊரில் இம்மாதிரி சமயத்தில் 'மஞ்சள் கடிதாசி' கொடுப்பார்கள். அது சட்டம் அனுமதிக்கும் வழி, பாபமல்ல. பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்பதைக் காட்டிலும் அது மேலானது. ஜேகப்ஸன் ஊர் ஊராகச் சரக்கு விற்றுத் தம் பங்கை அடைக்கப் பார்த்தார். முடியாமல் 1925-ல் திவாலானார். அவரை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் ட்ரூமன் திவாலாக மறுத்தார். 'வாங்கினேன், கொடுப்பேன்' என்பதே அவர் நிலை. கடை மூடிய அதே வருஷத்தில் அவர் ஜில்லா நிர்வாகப் பதவிக்குத் தேர்தலில் நின்று ஜயித்திருந்தார். அரசியல்வாதிக்குத் திவால் பெயர் ஆகாது என்ற எண்ணமும் உள்ளே இருந்திருக்கலாம், இருக்கட்டும். யோக்கியதைக்குச் சற்று சுயநலமும் துணை நின்றால் அதனால் கடன்காரனுக்கு நஷ்டமில்லை.

சுமார் பதினைந்து வருஷம் அந்தக் கடன் அவரைத் துரத்தியது. 1928-ல் 65 லட்சம் டாலர் ஜில்லா ரஸ்தாக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதைச் செலவிடும் பொறுப்பில் இருந்தவர் இந்தக் கடனாளி. அவரைப் பதவிக்குக் கொண்டுவந்த கட்சித் தலைவரோ, பின்னால் 1939-ல் வருமான வரி மோசடிக்காகச் சிறை சென்றவர். அப்படிப்பட்ட சகவாசத்தின் நடுவில் இருந்தும், ட்ரூமனின் சட்டைக் கடைக் கடன் ஒரே நாளில் மாயமாய் மறைந்து போகவில்லை. அவர் கை சுத்தம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கடைசிக் கடன் பத்திரம் ஒன்றை மட்டும், பாங்கு மூடப்பட்டபின் அவருடைய சகோதரர் குறைந்த விலைக்கு மீட்டார். 1940-ல் அவர் ஸெனட் அங்கத்தினராயிருந்த போதே, வயது முதிர்ந்த தாயாரின் பண்ணை அடமானத்தில் போயிற்று.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தை மட்டும் படிப்பது நியாயமன்று. 1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவிலும், 9-ந் தேதி நாகஸாகியிலும் அணுகுண்டு விழுந்தபோது ஜனாதிபதி பீடத்தில் இருந்தவர் இவரே. அதற்காக வருந்துவதாக அவர் பகிரங்கமாகச் சொன்னதில்லை. யுத்தத்தைச் சீக்கிரம் முடித்த செயல் என்று வாதிப்போர் உண்டு. காந்தி மகான் பிறந்த தேசத்தில் இருந்துகொண்டு அந்த வாதத்தை நாம் எளிதில் விழுங்க முடியவில்லை. சட்டைக் கடன் தவணையில் தீர்ந்தது. இந்தக் கடன் எந்தத் தவணையில் தீரும்? சிறிய விஷயத்தில் யோக்கியமாயிருப்பது பெரிய விஷயத்தில் தீர்ப்புத் தவறாமலிருப்பதற்கு ஜாமீன் ஆகாது என்பதையும் இவர் வாழ்க்கையே நமக்குச் சொல்கிறது.

நம் தேசத்துக்கும் இவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 1943-ல் வங்காளப் பஞ்சத்தைக் கண்ட ஜனங்கள், 1951-லும் தானியமின்றித் தவித்தார்கள். நேரு சர்க்கார் அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டது. கொடுக்கலாம் என்று ட்ரூமன் அந்நாட்டுக் காங்கிரஸ் சபைக்கு எழுதினார். நம் அயல்நாட்டுக் கொள்கை பிடிக்காத அங்கத்தினர்கள் மாதக் கணக்கில் விவாதித்தார்கள். கடைசியில் தானமாக அல்ல, 19 கோடி டாலர் கடனாகத் தருவதென்று முடிவாயிற்று. ஜூன் 15-ந் தேதி ட்ரூமன் கையெழுத்திட்டார். தானமாக வாங்கியவன் தலை குனிவான். கடனாக வாங்கியவன் நிமிர்ந்து நிற்கலாம். அந்தக் கடனின் வட்டியில் முதல் 50 லட்சம் டாலர் கல்விப் பரிமாற்றத்துக்கென்று விடப்பட்டது. அதிலிருந்து நம் சர்வகலாசாலைப் புத்தகசாலைகளுக்குப் புத்தகங்கள் வந்தன. கோதுமைக்குக் கட்டிய வட்டி புத்தகமாய்த் திரும்பி வந்தது என்றால், எங்களைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு அதைவிட இனிய கணக்கு வேறில்லை.

1953-ல் ட்ரூமன் இண்டிபெண்டன்ஸுக்கே திரும்பினார். மாஜி ஜனாதிபதிகளுக்கு அப்போது பென்ஷன் கிடையாது. 1958-ல்தான் சட்டம் வந்தது. பட்டாளத்துப் பென்ஷன் மாதம் 112 டாலர் 56 ஸெண்ட் மட்டும் வந்தது. அவர் வறுமையில் வாடினார் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பின்னர் வெளியான குடும்பக் கணக்குகள் கையில் பொருள் இருந்ததைக் காட்டின. ஜேகப்ஸனும் மறுபடி தலையெடுத்துச் சொந்தக் கடை வைத்தார். கூட்டாளியின் திவால் நட்பைக் கெடுக்கவில்லை. 1948-ல் யூதத் தலைவர் வைஸ்மனைப் பார்க்க மாட்டேனென்று பிடிவாதமாயிருந்த ஜனாதிபதியின் மனத்தை மாற்றியவர் அந்தப் பழைய கூட்டாளிதான். 1972 டிஸம்பர் 26-ந் தேதி ட்ரூமன் காலமானார்.

நம் நாட்டிலும் சிப்பாய்கள் 35, 40 வயதிலேயே ஓய்வு பெற்று ஊருக்கு வருகிறார்கள். 2022-ல் ஏற்பட்ட அக்னிபத் திட்டமோ, நான்கு வருஷச் சேவைக்குப் பின் கால்வாசிப் பேர் வரையே படையில் நிலைக்கலாம் என்று வகுத்தது; மற்றவர்கள் இருபத்து சில்லறை வயதில், கையில் ஒரு தொகையோடு திரும்ப வேண்டியவர்கள். பலர் மளிகைக் கடையோ, மோட்டார் சாமான் கடையோ வைப்பார்கள். சில கடைகள் ஓங்கும், சில மூடப்படும். அப்போது தெருவில் நாம் என்ன பேசுகிறோம்? 'எல்லையில் நின்றால் மட்டும் போதுமா, கல்லாவில் உட்காரத் தெரிய வேண்டாமா?' என்று சிரிக்கிறோம்.

கடை மூடுவது காலத்தின் செயலாயிருக்கலாம். தானிய விலை சரிந்ததற்குச் சட்டை விற்றவர் என்ன செய்வார்? மூடிய பிறகு அந்த மனிதர் கடன் கொடுத்தவர் வீட்டுத் தெரு வழியாகத் தலை நிமிர்ந்து நடக்கிறாரா, சுற்றுவழியாகப் போகிறாரா என்பதைக் கவனிப்போம். நேர்வழியில் நடப்பவருக்கு, அடுத்த கடை திறக்கும் நாளில், முதல் போணியை நம் வீட்டிலிருந்தே செய்வோம்.