நாலு சக்கர வீட்டில் ஐந்து இரவுகள்

சிவாஜிநகரில் பிரிக்க முடியாத வண்டி என்று ஒன்று கிடையாது. ரஸ்ஸல் மார்க்கெட்டைத் தாண்டி பிராட்வே சாலையை ஒட்டிய சந்துகளில் காலையில் ஒரு கார் நுழைந்தால், சாயங்காலத்துக்குள் அதன் கதவு ஒரு கடையிலும் ரேடியேட்டர் இன்னொரு கடையிலும் தொங்கும். 'குஜிரி' என்று பெங்களூர் முழுவதும் பெயர்பெற்ற இந்தப் பழைய சாமான் பேட்டையில், பிரிப்பதை விட்டுவிட்டுச் சேர்ப்பதில் இறங்கியிருக்கிறார் ஒருவர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் பாய். ஐம்பது தாண்டிய மெக்கானிக். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டில், கைகழுவும் தொட்டி, நூறு லிட்டர் தண்ணீர் டாங்க், ஐந்து கிலோ காஸ் சிலிண்டருக்கு இரும்புக் கூண்டு, பின்மூலையில் ஆள் ஒருவர் முட்டி மடக்கி உட்காரும் அளவுக்கு ஒரு கழிப்பறை என்று கட்டி முடித்திருந்தார். தங்கையின் பங்கையும் சேர்த்து வீட்டுப் பணம் மொத்தமும் அதற்குள் போயிருந்தது. வாடகைக்கு விடுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் போக வேண்டும். வழியெல்லாம் பார்த்து, மூன்று பாஷையில் ஒரு குறிப்புத் தாள் எழுதித் தர ஆள் வேண்டும். "நீங்களும் அம்மாவும் வாங்க சார். டீசல் என்னுது, சாப்பாடு உங்களுது" என்றார்.

அந்தச் சமயத்தில் என் மேஜையில் ஒரு சுற்றுலாக் கையேடு மொழிபெயர்ப்புக்குக் கிடந்தது. அதில் பக்கத்துக்கு நாலு தடவை 'கேம்பர்வேன்'. தமிழில் கேரவன் என்று போட்டால், நட்சத்திர நடிகர் ஏ.சி. போட்டு உட்காரும் ஷூட்டிங் வண்டிதான் வாசகருக்கு நினைவு வரும். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகும் அந்தப் படம் மாறவில்லை. 'வாழூர்தி' என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார், அவரே சிரித்துவிட்டார். என் தாத்தா காலத்தில் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி பூட்டி, அரிசி பருப்போடு கிளம்பி, ஆற்றங்கரையில் அவிழ்த்துப் போட்டுச் சமைத்து, வண்டிக்கடியில் படுத்து எழுந்து போனார்கள். அதற்கும் இதற்கும் மாடு ஒன்றுதான் வித்தியாசம். கையேட்டில் 'கூண்டு வண்டி' என்று எழுத மனசு வந்தது. தைரியம் வரவில்லை.

2025 அக்டோபரில் ஒரு விடிகாலையில் கிளம்பினோம். ஹாசன் வரை சொல்வதற்கு ஒன்றுமில்லை. சக்லேஷ்பூர் தாண்டி ஷிராடி மலைப்பாதையில் இறங்கும்போதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை நம்மைத் தன் ஈரத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. கெம்புஹொளே ஆறு ஓரமாகவே கூட வருகிறது. எதிர்மலையில் எங்கோ சக்லேஷ்பூர்–சுப்பிரமணியா ரயில்பாதை 57 சுரங்கங்களுக்குள் நுழைந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோகும் பாதை இது. சாலையை அகலமாக்க வெட்டிய மலை, தோலுரித்தது போலச் சிவப்பாக நிற்கிறது.

வழியில் ஓர் அருமையான இடம். கீழே பாறைகளில் தண்ணீர், மேலே மூங்கில், நடுவில் வண்டி நிறுத்துவது போல ஒரு சமதளம். "இங்கேயே ராத்திரி தங்கலாமே?" என்றாள் என் மனைவி. பாய் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பின்னாடி மலைய வெட்டியிருக்கான் பாருங்கம்மா" என்று கியரைப் போட்டார். அன்றிரவு உப்பினங்கடி பக்கத்தில், லாரிகள் வரிசையாக நிற்கும் பெட்ரோல் பங்க் வளாகத்தில் தங்கினோம். டீசல் வாசனை, கொசு, பக்கத்து லாரியில் இரவெல்லாம் கன்னடப் பாட்டு. கையேடுகள் அச்சிடும் கடற்கரைச் சூரிய அஸ்தமனத்துக்கு இது ரொம்ப தூரம்.

பாயைப் பற்றி இன்னொன்றையும் அன்று கவனித்தேன். கட்டில்களைத் தன் கையாலேயே இழைத்து, பஞ்சு மெத்தை போட்டவர், தான் மட்டும் டிரைவர் சீட்டில் குறுக்காக, காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கினார். "பதினோரு வருஷம் லாரி சார். படுக்கையில படுத்தா தூக்கம் வராது."

மறுநாள் மங்களூரைத் தொட்டு, தேசிய நெடுஞ்சாலை 66-ல் வடக்கே திரும்பினோம். துளுநாடு. இந்தப் பெயர் அகநானூற்றிலேயே வருகிறது என்று எம்.ஏ. வகுப்பில் படித்ததை பாயிடம் சொன்னேன். "அப்போ இந்த ரோடு இருந்துச்சா சார்?" என்று கேட்டார். உடுப்பியில் தோசை தின்றுவிட்டு, குந்தாபுரம் தாண்டி மரவந்தே. சாலைக்கு மேற்கே பத்தடியில் அரபிக்கடல். கிழக்கே சௌபர்ணிகா ஆறு, தென்னந்தோப்புகளின் நிழலோடு அசையாமல் கிடக்கிறது. நடுவில் வண்டிகள் போவதற்கு மட்டும் ஒரு கோடு போல நெடுஞ்சாலை. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவது மனிதனை எப்படியோ சின்னவனாக்கிவிடுகிறது. என் மனைவி அங்கே இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தாள். அந்த ஒரு டீக்காகவே வண்டி கட்டியது தகும் என்று தோன்றியது.

ஆனால் சாயங்காலம் பிரச்னை தலைகாட்டியது. கழிப்பறைத் தொட்டி நிறைந்துவிட்டது. எங்கே காலி செய்வது? வெளிநாட்டில் இதற்கென்றே இடங்கள் உண்டாம். எங்கள் வழியில் ஒன்றையும் காணோம். "ஆத்துல விட்டுட்டா யார் பாக்கப் போறா?" என்று டீக்கடையில் ஒருவர் உதவி செய்யும் எண்ணத்தோடு சொன்னார். பாய் முறைத்தார். கடைசியில் ஒரு லாட்ஜ் உரிமையாளர் தன் செப்டிக் டாங்க் மூடியைத் திறந்துவிட, இருநூறு ரூபாயில் காரியம் முடிந்தது. கேரவன் சுற்றுலா பற்றி யார் கூட்டம் போட்டாலும் முதலில் பேச வேண்டிய விஷயம் இதுதான். நான் பார்த்த கையேடு எதிலும் இதற்கு ஒரு வரி கிடையாது.

ஹொன்னாவரில் கிழக்கே திரும்பினால் ஜோக் அருவி. ஆனால் பாய் திரும்பவில்லை. கும்டாவில் ஓர் இரவு தங்கி, மேலும் வடக்கே போனார். எங்கே என்று கேட்டதற்கு, "ஒரு இடம் பாக்கணும் சார்" என்பதோடு சரி. அங்கோலா தாலுகா ஷிரூரில் வண்டியை நிறுத்தினார்.

2024 ஜூலை 16 காலையில் இங்கே மலை சரிந்தது. ஒரு பக்கம் நெடுஞ்சாலைக்காகச் செங்குத்தாக வெட்டிய குன்று, மறுபக்கம் கங்காவளி ஆறு. சாலையோரத்தில் ஒரு டீக்கடை. அதில் டீ குடிக்கவும், கொஞ்சம் கண்ணயரவும் லாரிக்காரர்கள் நிறுத்துவது வழக்கம். மண் கடையை மூடி, அதை நடத்திய குடும்பத்தை மூடி, நின்ற வண்டிகளை ஆற்றில் தள்ளியது. காஸ் டாங்கர் ஒன்று ஆற்றில் மிதந்து போனது. எழும்பிய அலை எதிர்க்கரை உளுவரே கிராமத்து வீடுகளை அடித்துப் போனது. இறந்தவர்களில் தமிழ்நாட்டு டாங்கர் ஓட்டுநர்களும் உண்டு. மரம் ஏற்றிவந்த கேரள லாரி ஒன்று செப்டம்பர் 25 அன்றுதான், இரண்டு மாதத்துக்கும் மேலான தேடலுக்குப் பிறகு, ஆற்றுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் ஓட்டுநர் கேபினுக்குள்ளேயே இருந்தார்.

பாய் மலையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "கோவா லோடு போறப்போ இங்க எத்தனை வாட்டி தூங்கியிருப்பேன், கணக்கே இல்ல. அந்தக் கடைக்காரர் பால் ஜாஸ்தியா ஊத்துவாரு. எழுப்பிவிடச் சொன்னா எழுப்பிவிடுவாரு."

நாங்கள் மூன்று பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. ஜூலை மழையில், ராத்திரி முழுவதும் ஓட்டிவந்து, கண் எரிய, ஒரு டீ குடித்து ஒரு மணி நேரம் சீட்டில் சாய்ந்தவர்கள். வண்டியில் தூங்குவதை நாங்கள் விடுமுறை என்று நினைத்துக் கிளம்பியிருந்தோம். இந்தச் சாலையில் அதை வேலையாகச் செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாதுகாப்பாக நிறுத்தித் தூங்க இடம் கேட்டால் அவர்கள்தானே முதலில் கேட்க வேண்டும்? பாய் ஒரு டப்பாவிலிருந்து சர்க்கரை எடுத்து ஆற்றோரத்தில் எறும்புகளுக்குத் தூவினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்து ஹொன்னாவர். ஷராவதி கடலில் சேரும் ஊர். தீர்த்தஹள்ளி தாலுகாவில் அம்புதீர்த்தத்தில் பிறந்து 128 கி.மீ. மட்டுமே ஓடும் ஆறு. கர்நாடகத்தில் விளக்கெரிய இந்தச் சின்ன ஆறு உழைத்திருப்பது போல வேறெந்த ஆறும் உழைத்ததில்லை என்பார்கள். கரையோரம் கேருசொப்பா. பதினாறாம் நூற்றாண்டில் சென்னபைராதேவி என்ற சமண ராணி இங்கிருந்து ஆண்டார். இந்த மலைகளின் மிளகு அவர் கையில் இருந்ததால் போர்த்துகீசியர் அவருக்கு 'மிளகு ராணி' என்று பெயர் வைத்தார்கள். அவர் ஊரில் இன்று மிஞ்சியிருப்பது காட்டுக்குள் நான்கு வாசல் கொண்ட ஒரு சமணக் கோயில். சதுர்முக பசதி. நாங்கள் போனபோது உள்ளே வௌவால்களைத் தவிர யாருமில்லை.

கேருசொப்பாவிலிருந்து ஜோக் வரை மலைச்சாலை. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வெளிச்சத்தை மறைக்கின்றன. இது சிங்கவால் குரங்குகளின் காடு. கன்னடத்தில் சிங்களீக. தமிழில் சோலைமந்தி. குரங்கு, முசு, ஊகம் என மூன்று சாதிக்கும் பெண்ணுக்கு 'மந்தி' என்றுதான் பெயர் என்று தொல்காப்பிய மரபியல் சொல்லும். இன்று ஆணுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. மரத்தை விட்டு அதிகம் இறங்காத பிராணி என்பதால், கிளைக்குக் கிளை தொடாத காடு அதற்குக் காடே அல்ல. இதற்காகவே 2019-ல் சுமார் 930 சதுர கி.மீ. பரப்பு ஷராவதிப் பள்ளத்தாக்கு சிங்கவால் குரங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஒரு திருப்பத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி காத்திருந்தோம். மேலே இலைகள் அசைந்தன. ஒரு கறுப்பு வால் தெரிந்த மாதிரி இருந்தது. என் மனைவி பார்த்ததாகச் சத்தியம் செய்கிறாள். நான் பார்த்தது கீழே சாலையோரம் உட்கார்ந்திருந்த சாதாரணக் குரங்குகளை. காரிலிருந்து ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமலேயே எறிந்துவிட்டுப் போனார். அதைக் கடித்துப் பிரித்த குட்டியின் திறமை, பல காலப் பழக்கம் என்று சொல்லியது.

இதே சரணாலயத்துக்குள்தான் 2,000 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் ஒன்றை மாநில மின்கழகம் கொண்டுவர முனைந்தது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கேருசொப்பா நீர்த்தேக்கத் தண்ணீரைத் தலகளலே நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிச் சுழற்றுவது. காற்றாலையும் சூரியசக்தியும் பெருகும் காலத்தில் இப்படிச் சேமித்துவைப்பது அவசியம் என்பது பொறியாளர் வாதம். ஏற்கெனவே அணைகளும் சாலைகளும் மின்கம்பிகளும் துண்டாடிய காட்டில் இன்னொரு முறை சுரங்கம் குடைவதா என்பது எதிர்ப்பாளர் கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எழுதுவது பத்திரிகைக்காரனுக்குச் சுலபம். அந்தக் காட்டில் நின்றபோது எனக்கு இரண்டாவது பக்கம்தான் பெரிதாகப் பட்டது.

காட்டுக்குள் இரவில் வண்டி நிறுத்தத் தடை. கேருசொப்பாவில் ஒரு சாப்பாட்டுக் கடை முற்றத்தில்தான் அந்த இரவு தங்கியிருந்தோம். மறுநாள் காலை ஜோக். 253 மீட்டர், நான்கு தாரை: ராஜா, ரோரர், ராக்கெட், ராணி. 1964-ல் முடிந்த லிங்கனமக்கி அணை மேலே தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பதால், அருவி எவ்வளவு விழும் என்பது மழை பாதி, அணை பாதி தீர்மானிக்கும் விஷயம். எங்களுக்கு ராஜா நிமிர்ந்தே விழுந்தது. ராணி பாறையில் வெள்ளை நூலாகப் படர்ந்திருந்தது. பனி மூடி, பத்து நிமிடம் ஒன்றுமே தெரியாமல், சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ திரையை இழுத்தது போல எல்லாம் ஒரே சமயத்தில் திறந்தது. இதைப் பார்த்த விஸ்வேஸ்வரய்யா, எவ்வளவு சக்தி வீணாகிறது என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. பாய் பார்த்துவிட்டு, "இன்னா ஃபோர்சு!" என்றார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சாகரா போய், அங்கிருந்து சிகந்தூர் பாலத்துக்கு ஒரு சுற்று. லிங்கனமக்கி நீர் பரந்து அக்கரைக் கிராமங்களைத் தீவு போல ஆக்கியிருந்தது. பஸ்ஸையே படகில் ஏற்றித்தான் கடந்தார்கள். 2025 ஜூலை 14 அன்று திறந்த 2.44 கி.மீ. பாலத்தில் நாங்கள் மூன்று நிமிடத்தில் கடந்துவிட்டோம். அக்கரையில் பாக்கு உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தன் அப்பாவின் வயல் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கிறது என்று கை காட்டினார். எங்களுக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. கோடையில் நீர் வற்றினால் முன்பு மூழ்கிப்போன ஹிரேபாஸ்கர அணை வெளியே தலைகாட்டுமாம். "அணையே முழுகிப் போச்சு, வயல் என்ன கணக்கு!" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். ராத்திரிக்கு வண்டி நிறுத்த இடம் கேட்டு எங்கேயோ போவானேன், இங்கேயே நிறுத்துங்கள் என்றார். ஐந்து இரவுகளில் நாங்கள் நன்றாகத் தூங்கியது அவர் களத்தில்தான். பாய் மட்டும் வழக்கம்போல சீட்டில்.

சிவாஜிநகர் திரும்பி ஒரு வாரம் கழித்து, குறிப்புத் தாளோடு பட்டறைக்குப் போனேன். தமிழ், கன்னடம், ஆங்கிலம். கழிவுத் தொட்டியை ஆற்றில் காலி செய்யக் கூடாது. குரங்குக்குத் தீனி போடக் கூடாது. படுக்கும் முன் காஸ் வால்வை மூட வேண்டும். முதல் வரியாக, மலையை வெட்டிய இடத்திலோ ஆற்றோரத்திலோ இரவில் வண்டியை நிறுத்தாதே, லாரிகள் நிற்கும் இடமாகப் பார்த்து நிறுத்து என்று எழுதியிருந்தேன். பாய் கையில் கிரீஸோடு, தாளைத் தொடாமல் குனிந்து படித்தார்.

"நிறுத்தாதே வேணாம் சார். நிறுத்தாதீர்கள்னு போடுங்க. காசு குடுத்து வர்றவங்க."