முட்டுக்கட்டையும் முசே கூலும்பும்

அரியாங்குப்பத்துக்காரங்களுக்கு ஆடி மாசம்னா வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர்தான். பிரெஞ்சுக்காரன் காலத்துல கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். 1954-க்கு அப்புறமும் அந்த வழக்கம் தொடருது. கூட்டமெல்லாம் அம்மனையும் கவர்னரையும் பார்க்கும், நான் சக்கரத்தைப் பார்ப்பேன். காரணம் என் சித்தப்பா. பக்கத்து ஊர்கள்ல சின்னத் தேர்களுக்கு முட்டுக்கட்டை போடுறவர்.

எம்.டெக். படிக்கும்போது உராய்வுதான் என் ப்ராஜெக்ட். 1781-ல் பாரிஸ் அகாதமி பரிசு வாங்கின நம்ம கூலும் (அதே மின்சாரக் கூலும்தாங்க!) ரோஷ்ஃபோர் கப்பல்துறையில சோதனை பண்ணிச் சொன்னது ரொம்ப எளிமை: உராய்வு விசை அழுத்துற விசைக்கு நேர்விகிதம், தொடுற பரப்பளவைப் பொறுத்ததில்லை. இதை அமோன்தோன் 1699-லேயே சொல்லிட்டார். ஆனா பொருள் சும்மா நிக்கும்போது விதி ஒரு எண்ணைத் தராது, ஒரு எல்லையைத்தான் தரும். எவ்வளவு தள்ளுறோமோ அவ்வளவு எதிர்க்கும், எல்லை தாண்டினா வழுக்கும். கம்ப்யூட்டருக்கு இது புரியாது. வேகம் சுழியைத் தொட்டதும் விசை ப்ளஸ், மைனஸ்னு மாறி மாறித் தாவும். திரையைப் பார்த்த சித்தப்பா, "என்னடா, கட்டை ஜுரம் வந்தாப்ல நடுங்குது?"ன்னார்.

அந்தத் தாவலை மழுப்பி வளைவாக்கினேன். நடுக்கம் போச்சு. ஆனா சரிவுல நிக்க வேண்டிய கட்டை மெதுவா ஊர ஆரம்பிச்சுது! (1895-ல் பென்லவே என்பவர் இந்த விதியால சில இடங்கள்ல விடையே கிடைக்காதுன்னு காட்டினார். அவரே பின்னாடி பிரான்சுக்குப் பிரதமராவும் ஆனார். நம்மாளுங்க கணக்குல ஃபெயிலாகித்தான் அரசியலுக்கு வர்றாங்க :-))

சரி, விஷயத்துக்கு வர்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு ஊர்ல தூறல். சித்தப்பா போட்ட கட்டை பிதுங்கி வெளியே தெறிச்சுது. அவர் கால்ல ரெண்டு விரல் போச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்துதான் கணக்கைப் போட்டேன். ஆப்பின் கோணம், சக்கரத்தோட உராய்வுக் கோணமும் தரையோட உராய்வுக் கோணமும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குள்ள இருந்தா கட்டை பிதுங்காது. ரெண்டு பக்கமும் உராய்வுக் கெழு 0.5-னு வச்சா 53 டிகிரி வரைக்கும் தாங்கும். நனைஞ்சு 0.2 ஆனா 22.6 டிகிரிதான். அவர் கட்டை நாப்பது டிகிரிக்குக் குறையாது. இத்தனை வருஷம் ப்ராஜெக்ட் பண்ணிட்டு இதை ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லலையேன்னு அன்னிக்கு இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

போன வாரம் ஊருக்குப் போனேன். திண்ணையில வாச்சியால புதுக் கட்டை செதுக்கிட்டிருந்தார். நீளமா, சரிவு கம்மியா. ஃபோன்ல அளந்தேன், 19 டிகிரி. யார் சொன்னதுன்னு கேட்டேன். "கால் சொல்லுச்சு"ன்னார்.

22.6 கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அந்த 0.2-ன்றியே, நம்ம ரோட்டுல அளந்து பாத்தியா?"ன்னார்.

இல்லை. புத்தகத்து அட்டவணையைப் பாத்து நானா வச்ச எண். ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்பிரிங் தராசும் ஒரு குடம் தண்ணியும் எடுத்துட்டுப் போறேன். கட்டை மேல செங்கல்லை அடுக்கி, ஈர ரோட்டுல இழுத்து, நகர ஆரம்பிக்கிற விசையை எடையால வகுக்கணும். அப்புறம் சக்கரத்து இரும்புப் பட்டைக்கும் தனியா எடுக்கணும். கட்டையை இழுக்க சித்தப்பாவே வர்றாராம்.