நான்காம் வகுப்பில் குடித்தனம்

எப்போது வெளியே விடுவார்கள் என்று மனிதன் ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடங்கள் உலகத்தில் சில உண்டு. ஆஸ்பத்திரி ஒன்று, ஆண்டு விழாக் கூட்டம் ஒன்று, பள்ளிக்கூடமோ எல்லாவற்றுக்கும் முதன்மையானது. அப்படியிருக்க, பகல் முழுவதும் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக வேலை பார்த்துவிட்டு, மாலையில் மணி அடித்ததும் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குக் குடியிருக்கப் போகிற பிராணி ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது என்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். அந்தப் பிராணி வேறு யாரும் இல்லை; நாமேதான்.

பழைய கோட்டை அகழிக்குள் அடங்கிய நகரத்தில், ஒரு சந்தின் கோடியில் இருக்கிறது நமது ஜாகை. ஒரு காலத்தில் அது தனியார் ஆரம்பப் பாடசாலையாக இருந்தது. வயது நூறை நெருங்கிவிட்டது. பிள்ளைகள் குறைந்து பாடசாலை மூடப்பட்ட பிறகு, கட்டடத்தின் சொந்தக்காரர் அங்கங்கே சுவர் எழுப்பி, சமையல் மேடை கட்டி, எட்டுக் குடித்தனங்களுக்கு வாடகைக்கு விட்டார். சென்னைப் பட்டணத்தில் இந்த மாதிரி வாழ்க்கைக்கு ‘அபார்ட்மெண்ட்’ என்று பெயர். தஞ்சாவூரில் வெகு காலமாக இதற்கு ‘ஒண்டுக் குடித்தனம்’ என்று பெயர். வாடகையைத் தவிர இரண்டுக்கும் பெரிய பேதம் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

வாசற்படிகளுக்கு மேலே பழைய வகுப்பு எண்கள் சுண்ணாம்புப் பூச்சையும் மீறித் தெரிந்துகொண்டிருப்பதால், குடித்தனங்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. “மூன்றாம் வகுப்பு அம்மாள் உறைமோர் கேட்கிறார்கள்,” “ஐந்தாம் வகுப்பில் இன்றைக்கு வடையாம்” என்பன எங்கள் கட்டடத்தில் சாதாரணப் பேச்சுக்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, இருபது வருஷம் பிறருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பிறகு, நாம் நான்காம் வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். வந்து பதினொரு வருஷம் ஆகிறது. இன்னும் தேர்ச்சி பெறவில்லை.

பள்ளிக்கூடமாகக் கட்டியதை வீடாக்கினால் ஏற்படும் சங்கடங்கள் அநேகம். கூரை எட்டாத உயரத்தில் இருக்கிறது; ஒட்டடை அடிப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். இடையில் எழுப்பிய சுவர்களோ கூரை வரையில் போகவில்லை. ஆகவே, அடுத்த வீட்டுக் குக்கரில் எத்தனை விசில் வந்தது என்று நம் வீட்டுப் பருப்பை இறக்கிவிட முடிகிறது. ஜன்னல்கள் நாற்பது பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வரவேண்டும் என்று வைத்தவை. ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்துக்கு அவ்வளவு வெளிச்சம் தேவை இல்லை.

ஆனாலும் சௌகரியங்களும் உண்டு. கோடையில் அந்த உயரமான கூரையின் கீழ் மின்விசிறி இல்லாமலே தூங்கலாம். சுவரில் பதித்துச் சிமெண்டு பூசிய கரும்பலகை ஒன்று நம் அறையில் அப்படியே இருக்கிறது. நமது சகதர்மிணி அதில்தான் பால் கணக்கு எழுதுகிறாள். அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்தில் கென்னடி பள்ளி என்று ஒன்று. 1915-இல் கட்டி, 1975-இல் மூடி, 1997-இல் தங்கும் விடுதியாகத் திறந்தார்கள். அங்கே வகுப்பறைகளில் கட்டில் போட்டிருக்கிறார்களாம், கரும்பலகைகளை எடுக்கவில்லையாம். விருந்தாளிகள் அதற்காகவே பணம் கொடுத்து வருகிறார்கள். பால் கணக்கு எழுதுவதற்கு அவர்களுக்கு வாய்க்கவில்லை, பாவம்!

எல்லாவற்றையும்விட மேலான சௌகரியம் கட்டடத்தின் நடுவே இருக்கும் கூடம். பாடசாலைக் காலத்தில் பிரார்த்தனை நடந்த இடம். அதைச் சுற்றி எட்டடி அகலத்தில் தாழ்வாரம் ஓடுகிறது. கூடத்து வாசலில், மணியாக உதவிய தண்டவாளத் துண்டு இன்னும் தொங்குகிறது. மாலை ஆறரை மணிக்கு, ஓய்வு பெற்ற தமிழ்ப் பண்டிதரான இரண்டாம் வகுப்புத் தாத்தா அதை மூன்று முறை தட்டுவார். கட்டடத்துப் பிள்ளைகளோடு, பின் தெருவிலிருந்தும் பிள்ளைகள் புத்தகப் பையுடன் வந்து உட்காருவார்கள். பின் தெரு வீடுகள் ஓர் அறை வீடுகள். காய்கறி மண்டியிலும் அரிசி ஆலையிலும் மூட்டை தூக்குகிறவர்களின் வீடுகள். படிக்கிற பிள்ளைக்கு அங்கே விளக்கு இருக்கும், இடம் இராது. தாத்தா தமிழ் சொல்லிக் கொடுப்பார்; கணக்கு நம் பொறுப்பு. சம்பளம் ஒன்றும் கிடையாது. பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்பு வரும்.

பள்ளிக்கூடம் வீடானதை ஒரு விந்தை என்று சொல்லி ஆரம்பித்தோம். யோசித்துப் பார்த்தால், நம் நாட்டில் வீடுதான் முதலில் பள்ளிக்கூடமாயிற்று. காவிரிக் கரை ஊர்களில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையே பாடசாலை. பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்தார்கள். பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றை ஏற்று நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தைக் கண்டு தம் விடுதியிலும் கையாண்டார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குக் கற்பிப்பதையும் அங்கே ஒரு முறையாக வகுத்தார். பிறகு அது ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துக்குப் போயிற்று. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டபோதும், ஆசிரியர் இருந்த வீடே கல்லூரி. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தவருக்கு, அதற்கு முன் வாய்த்த கல்லூரி அதுதான்.

திண்ணை சிறியது. அதே காரியம் அரண்மனை அளவில் நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாட்டுக்குப் போகவேண்டும். சரபோஜி மன்னர் முக்தாம்பாள் என்ற அம்மையாரின் நினைவாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு சத்திரம் கட்டினார். குதிரைகளும் யானைகளும் தேரை இழுத்துச் செல்வது போன்ற வேலைப்பாடு அதன் அடித்தளத்தில் இருக்கிறது. 1799-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியார் கைக்குப் போய்விட்டது. தஞ்சை அரசர்களின் சத்திரங்களும் போய்விடலாகாதே என்ற கவலையில், 1801-இல் மன்னர் தஞ்சையிலிருந்த ஆங்கில ரெசிடெண்டு டோரின் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்ன நடக்கிறது என்பதை அதில் விவரித்திருக்கிறார்.

காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போகிற யாத்திரிகர்களில் எந்த ஜாதியாருக்கும் அங்கே சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று அறிவிப்பார்கள். நோயாளிக்கு வைத்தியர் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த அந்நியக் குழந்தைகளைச் சத்திரத்து உபாத்தியாயரிடம் ஒப்படைப்பார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் ஸ்நானம், துணிமணி, விரும்பிய வித்தையில் படிப்பு, படிப்பு முடிந்தபின் கலியாணச் செலவு எல்லாம் சத்திரத்தைச் சேர்ந்தவை. உபாத்தியாயர் என்ற முறையில் இதைப் படிக்கும்போது நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடும் பொறுப்பு வரையில் நம் தொழில் அன்று விரிந்து கிடந்திருக்கிறது!

பின்னர் யாத்திரை ரயிலுக்கு மாறிற்று. சத்திரங்கள் ஜில்லா போர்டின் வசம் வந்தன. 1920-களில் போர்டின் தலைவராக இருந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம், ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திரங்களைக் கல்வி எட்டாத வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச விடுதிகளாகத் திறந்துவிட்டார். கட்டடத்தின் உபயோகம் மாறியது. கட்டடத்தின் தர்மம் மாறவில்லை. வழிப்போக்கன் படுத்த இடத்தில் மாணவன் படுத்தான். அவ்வளவுதான்.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் நாம் இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சென்ற வருஷம் மார்கழி மாதத்தில் எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு யோசனை கொண்டுவந்தார். அவர் பொல்லாத மனிதர் அல்ல. மழைக்குக் கூரை ஒழுகுகிறது. பழுது பார்க்கப் பணம் வேண்டும். கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி இரண்டு குடித்தனங்கள் வைத்தால், ஒன்றுக்கு ஐயாயிரமாக மாதம் பத்தாயிரம் ரூபாய் வரும். எங்களுக்கும் அவர் வழி சொன்னார். அவரவர் வாசலுக்கு எதிரே உள்ள தாழ்வாரத்தை அவரவர் அடைத்து அறையாக்கிக்கொள்ளலாம். அதற்கு வாடகை உயர்த்தமாட்டார்.

எட்டடி அகலத்தில் ஓர் அறை! நேயர்களில் ஒண்டுக் குடித்தனம் செய்தவர்களுக்கு இதன் ருசி தெரியும். நம் பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு படிக்க அவளுக்கு ஒரு மூலை இல்லை. ஆறாம் வகுப்புக் குடித்தனத்தில் புதிதாக மணமான தம்பதிகள். அவர்களுக்கும் அறை வேண்டும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வாரம் வரையில் கட்டடம் முழுவதும் நூலும் கையுமாகத் தாழ்வாரத்தை அளந்துகொண்டிருந்தது. நாமும் அளந்தோம்.

அந்த நாட்களில்தான் வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். லண்டனில் 1870-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு ஊர் முழுவதும் செங்கல்லால் உயர உயரமாகக் கட்டிய பாடசாலைகளில் பல இன்று குடியிருப்புகள். அமெரிக்காவிலோ 1976 முதல் பழைமையான கட்டடங்களைச் செப்பனிடுகிறவர்களுக்கு வரிச் சலுகை கொடுத்துவருகிறார்கள். 1986 முதல் அது செலவில் 20 சதவிகிதம். சலுகை பெறுகிற வேலையைத் தேசியப் பூங்காத் துறையார் மேற்பார்வை செய்கிறார்கள். பள்ளிக்கூடமானால் வகுப்பறைக்குள் சமையலறை வைக்கலாம். அகன்ற தாழ்வாரத்தை மட்டும் அடைக்காதே என்பது அவர்கள் முக்கியமாக வற்புறுத்தும் விஷயங்களில் ஒன்று. அறைகள் எந்தக் கட்டடத்திலும் உண்டு. எல்லோரும் நடந்த தாழ்வாரம்தான் அதைப் பள்ளிக்கூடம் என்று சொல்கிறது.

அவர்கள் அழகுக்காகவும் சரித்திரத்துக்காகவும் சொல்கிறார்கள். எங்கள் தாழ்வாரத்துக்கு அரசாங்கச் சலுகையும் இல்லை, சரித்திரப் பலகையும் இல்லை. ஆனால் பின் தெருப் பிள்ளைகள் உள்ளே வரும் வழி அதுதான். அதை எட்டுத் துண்டாக அடைத்துவிட்டால் கூடம் இருந்தும் பயன் இல்லை. கூடத்தை அடைத்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தெருவிளக்குத்தான்.

போகிப் பண்டிகைக்கு முதல் நாள் இரவு எட்டுக் குடித்தனங்களும் கூடத்தில் கூடின. பேச்சு சுலபமாக முடியவில்லை. “ஊர்ப் பிள்ளைகளுக்காக நம் பிள்ளைகள் கஷ்டப்பட வேண்டுமா?” என்று ஐந்தாம் வகுப்புக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பிரசங்கத்தால் பதில் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்பு அம்மாள்தான் சொன்னார்கள்: “என் பையனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கிறது யார்? பின் தெருவிலிருந்து வருகிற அந்தப் பெண்தான். அவள் வராவிட்டால் டியூஷனுக்கு யார் பணம் கொடுப்பது?” சட்டாம்பிள்ளை இன்னும் தஞ்சாவூரை விட்டுப் போகவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

கடைசியில் கணக்குப் போட்டோம். குடித்தனத்துக்கு ஆயிரம் ரூபாய் வாடகை கூடக் கொடுத்தால் மாதம் எட்டாயிரம் ஆகும். சொந்தக்காரருக்குப் பத்தாயிரத்தில் இரண்டாயிரம் குறையும். ஆனால் சுவரும் கழிப்பறையும் கட்டும் செலவு அவருக்கு மிச்சம். ஒன்றாம் வகுப்புப் பாட்டியம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியத்தைத் தவிர வேறு வரும்படி கிடையாது. ஆகையால் அவர்கள் பங்கை மற்ற ஏழு குடித்தனங்கள் ஏற்றுக்கொண்டன. சொந்தக்காரர் இரண்டு நாள் யோசித்து, இரண்டு வருஷத்துக்குச் சம்மதித்தார். தாழ்வாரம் தப்பியது. ஐந்தாம் வகுப்புக்காரர் இன்னும் முழு மனத்தோடு நம்முடன் பேசுவதில்லை. வாடகைப் பங்கை மட்டும் முதல் தேதியன்றே கொடுத்துவிடுகிறார்.

நம் பெண்ணுக்கு அறை கிடைக்கவில்லை. இருபது பிள்ளைகளுக்கு நடுவே, காதைப் பொத்திக்கொண்டு, கூடத்துத் தூணில் சாய்ந்துதான் படிக்கிறாள். அவளுக்கு இதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். இருந்தது, சில நாட்களில் இப்போதும் இருக்கிறது.

இருந்தாலும் நமது அபிப்பிராயம் இதுதான். இனிமேல் நம் ஊர்களில் பழைய பள்ளிக்கூடங்கள் பலவும் குடியிருப்புகளாக மாறப் போகின்றன. பாழடைந்து இடிவதைவிட அது எவ்வளவோ மேல். மாற்றுகிறவர்கள் அறைகளை இஷ்டம்போல் பங்கு போட்டுக்கொள்ளட்டும். அடுப்பு வைக்கட்டும், தொட்டில் கட்டட்டும். பங்கு போட முடியாத இடம் ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். திண்ணையோ, கூடமோ, தாழ்வாரமோ, அது எவ்வளவு சிறியதாயினும் சரி. அந்நியக் குழந்தை ஒன்று யாரையும் கேட்காமல் வந்து உட்கார அங்கே இடம் இருந்தால், அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் மூடப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.