நடக்கச் சொல்வதற்கு முன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் கண்ணு. ஊசி போடுவதையும் ரத்த அழுத்தம் பார்ப்பதையும் பயிற்சியிலேயே படித்திருப்பாய். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில், நான் வேறொன்று சொல்கிறேன். வருகிற கர்ப்பிணியிடம் "நல்லா நட, சுகப்பிரசவம் ஆகும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த அட்டையை எடுக்காதே.

முதலில் அவள் பொழுது எப்படிப் போகிறது என்று கேள். நடவுக்குப் போகிறவளா, செங்கல் சுமக்கிறவளா, துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவளா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. அப்படி நிற்கிறவளிடம் போய் "நட" என்றால் உன்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பாள். பாரம் தூக்காதே, வெயிலில் நிற்காதே, நடுநடுவே உட்கார் என்பதே அவளுக்கான பேச்சு. ஓய்வு கிடைக்காதவளுக்கு ஓய்வைத்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மாசமானது தெரிந்ததிலிருந்து மருமகளைக் கட்டிலை விட்டு இறங்கவிடாத வீடுகளும் இருக்கின்றன. ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும் என்று தட்டை நிரப்புவார்கள். நடை அவளுக்குத்தான். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்தக் கணக்கை அப்படியே ஒப்பித்தால் யார் காதிலும் ஏறாது. சாயங்காலம் கோயில் வரை போய்த் திரும்ப அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்று சொல். பழக்கமில்லாதவள் பத்து நிமிடத்தில் தொடங்கட்டும். கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு வராமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். புருஷனோடு நடந்தால் ஊர் பேசும் என்று கூச்சப்படுவாள். பேசட்டும்.

மாமியார் பயந்தால் கோபப்படாதே. மருத்துவர்களே பயந்தவர்கள்தான். கர்ப்பிணி உடற்பயிற்சி செய்யும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 1985-ல் வரம்பு வைத்தது. 1994-ல் அதுவே அந்த வரம்பை எடுத்துவிட்டது. நாம் மாறுவதற்கே அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சர்க்கரை பார்க்கும் நாளை விட்டுவிடாதே. 75 கிராம் குளுக்கோஸைக் குடித்துவிட்டு அவள் இரண்டு மணி நேரம் காத்திருப்பாள். துணைக்கு வந்த மாமியாரோ அம்மாவோ பக்கத்திலேயே இருப்பார். அந்த நேரம்தான் உனக்கு வகுப்பறை. நடந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு குறையும், எடை அளவுக்கு மீறி ஏறாது, இடுப்பு வலி கொஞ்சம் தணியும் என்று பெரியவரிடமே சொல். உடம்புக்கு நல்லது என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சர்க்கரை என்றால் காது கொடுப்பார்.

சுகப்பிரசவத்துக்கு மட்டும் ஒருபோதும் வாக்குக் கொடுக்காதே. ஒழுங்காக நடந்தவளுக்கும் கத்தி வைக்க வேண்டி வரும். அன்றைக்குக் குழந்தையைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவள், நடந்தது போதாதோ என்று தன்னையே நொந்துகொள்வாள். மாவாட்டினால் ஆபரேஷனே வராது என்று அந்தக் காலத்தில் மிரட்டிய பாட்டிகள் போதும். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நாமும் அதைச் செய்ய வேண்டாம்.

எல்லாரையும் நடக்கச் சொல்லிவிடவும் கூடாது. ரத்தசோகை கடுமையாக இருப்பவள், நஞ்சு கீழே இறங்கி இருப்பவள், ரத்த அழுத்தம் ஏறியவள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவள், இதய நோய் உள்ளவள் ஆகியோருக்கு டாக்டர் சொன்ன பிறகுதான் எதுவும். நடக்கும்போது ரத்தமோ நீரோ கசிந்தாலும், தலை சுற்றினாலும், நெஞ்சு வலித்தாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இதை அவளிடம் மட்டுமல்ல, கூட நடப்பவரிடமும் சொல்லி அனுப்பு.

அட்டையில் எடையும் அழுத்தமும் எழுதிய கையோடு, எங்கே நடக்கிறாள், யாரோடு நடக்கிறாள் என்று ஓரத்தில் குறித்து வை. அடுத்த மாதம் அவள் வந்து உட்கார்ந்ததும் முதலில் அதைக் கேள்.