அறிவுரை சொல்லாத ஆறு பேர்

பேசி முடித்தவர் நாற்காலியை ஓரடி பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். ஜூம் கூட்டம் என்றால் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட வேண்டும். அடுத்த பதினைந்து இருபது நிமிடம் மற்றவர்கள் அவரைப் பற்றியும் அவர் விவரித்த ஆளைப் பற்றியும், அவர் அந்த இடத்திலேயே இல்லாததுபோலப் பேசுவார்கள். அவர் குறுக்கிடக் கூடாது. “நான் சொன்னது அப்படியில்லை” என்று திருத்தவும் கூடாது. கோச்களின் குழு சூப்பர்விஷனுக்குப் புதிதாக வருகிறவர்களைப் படாதபாடு படுத்துவது இந்த ஒரு விதிதான். காது கொடுத்துக் கேட்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். தன்னைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்பது வேறு வேலை.

இங்கே கோச் என்பவர் மைதானத்தில் விசிலோடு நிற்பவர் அல்லர். (டென்னிஸ் பயிற்சியாளரான டிம் கால்வே 1974இல் எழுதிய புத்தகத்திலிருந்து இந்தத் தொழிலின் ஒரு கிளை புறப்பட்டது என்பது வேறு கதை.) நிறுவன அதிகாரி ஒருவரோடு கதவைச் சாத்திக்கொண்டு, மாதம் ஓரிரு முறை, ஒரு மணி நேரம் பேசுகிறவர். அந்த அறைக்குள் நடப்பதை மூன்றாவது ஆள் பார்ப்பதில்லை. ஆசிரியரின் வகுப்பைத் தலைமை ஆசிரியர் எட்டிப் பார்க்கலாம். அறுவை அரங்கில் சர்ஜனைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். கோச்சுக்கு அப்படி யாரும் கிடையாது. க்ளையன்ட் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். அந்த நன்றியை வைத்துத் தன் வேலையை எடைபோடுகிற கோச், நாளடைவில் நன்றி வரும்படி மட்டும் வேலை செய்யப் பழகிவிடுவார். அந்த மூன்றாவது ஆளாகப் பிறகு வந்து உட்காருவதுதான் சூப்பர்விஷன். இதில் மேலதிகாரி இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

ஐரோப்பாவில் இந்தத் தொழிலுக்கான முக்கிய அமைப்பான ஈ.எம்.சி.சி., 35 மணி நேர கோச்சிங்குக்கு ஒரு மணி நேரமாவது சூப்பர்விஷன் வேண்டும் என்று வழிகாட்டுகிறது. அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்ற அமைப்பு இதை ஊக்குவிக்கிறதே தவிர, சான்றிதழுக்குக் கட்டாயமாகக் கேட்பது 10 மணி நேர மென்டர் கோச்சிங்கைத்தான். இரண்டும் ஒன்றல்ல. மென்டர், கேள்வி சரியாகக் கேட்கப்பட்டதா என்று பார்க்கிறார். சூப்பர்வைசர், அந்தக் கேள்வியைக் கேட்கும்போது கேட்டவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கிறார்.

இந்தப் பழக்கத்தின் வேர் கோச்களிடம் இல்லை. லண்டனில், டாவிஸ்டாக் கிளினிக்கில், 1950களில் மைக்கேல் பாலின்ட் என்ற ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் குடும்ப மருத்துவர்களைக் கூட்டி உட்காரவைத்தார். அரசு மருத்துவ சேவை 1948இல்தான் தொடங்கியிருந்தது. மருத்துவர்களின் வாசலில் கூட்டம். அதில் பலருக்கு என்ன நோய் என்று சொல்ல முடியவில்லை. ஒரு மருத்துவர் தன்னை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார். கையில் குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. மருத்துவருக்கு எது நினைவில் நிற்கிறது, எது மறந்துபோகிறது என்பதும் பாலின்டுக்குத் தகவல்தான். 1957இல் வந்த அவருடைய நூல் இந்தக் கூட்டங்களிலிருந்து பிறந்தது. பொது மருத்துவத்தில் மிக அதிகமாகக் கொடுக்கப்படும் மருந்து மருத்துவரேதான், ஆனால் அந்த மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை என்பது அவர் கண்டது. மனைவி ஈனிட் பாலின்டும் இதில் சரிபாதி உழைத்தவர். பெயர் மட்டும் கணவருடையதாக நின்றுவிட்டது.

அந்தக் கூட்டங்களில் என்ன நடந்தது என்பதைக் கோச்களின் மொழியில் சொல்ல ஓர் உதாரணம். கற்பனைதான், ஆனால் இதன் சாயல் தெரியாத குழு அபூர்வம்.

ஒரு கோச்சிடம் தொழிற்சாலை ஒன்றின் உற்பத்தித் தலைவர் வருகிறார். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் தாமதம். கோச் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கடைசியில் கால் மணி நேரம் கூட்டியும் கொடுக்கிறார். குழுவிடம் அவர் கொண்டுவந்த கேள்வி: “அவரை எப்படி டயத்துக்கு வரவைக்கிறது?” கதையைச் சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொள்கிறார். மற்றவர்கள் ஆரம்பிக்கிறார்கள்.

“அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கம் வந்துச்சு. ஏன்னு தெரியலை.”

“எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அந்த மேனேஜர் மேல இல்லைங்க, அவரை அனுப்பிவச்ச ஹெச்.ஆர். மேல.”

“மணி பாத்தீங்களா? பத்து நிமிஷம்னு பேச்சு. இருபத்திரண்டு ஆயிடுச்சு. நாம ஒருத்தரும் நிறுத்தலை, சூப்பர்வைசர் உட்பட.”

மூன்றாவது வாக்கியத்தில் அறையே நிமிர்ந்து உட்காரும். க்ளையன்ட் கோச்சிடம் செய்ததை, கோச் தன்னை அறியாமலே குழுவிடம் செய்திருக்கிறார். குழுவும் கோச் செய்ததையே செய்திருக்கிறது. அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஹரால்ட் சியர்ல்ஸ் 1955இல் ஒரு கட்டுரையில் இதைத்தான் கவனப்படுத்தினார். சிகிச்சை அறையில் இருந்த உறவு சூப்பர்வைசரின் அறையில் நிழலாக விழுகிறது. ஆகவே அங்கே சூப்பர்வைசருக்கு எழும் எரிச்சலும் சலிப்பும் ஒதுக்கித்தள்ள வேண்டியவை அல்ல, நோயாளியைப் பற்றிய தகவல். பாலின்ட் வேறு வழியில் வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுதான்.

நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு அந்த கோச் ஏதாவது சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அவர் கொண்டுவந்த கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அதன் இடத்தில் வேறொரு கேள்வி வந்திருக்கிறது: நான் ஏன் அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை?

பீட்டர் ஹாக்கின்ஸும் ராபின் ஷோஹெட்டும் 1989இல் புத்தகமாக்கிய ஏழு கண் மாதிரியில், பார்வை க்ளையன்டில் தொடங்கிப் படிப்படியாக நகர்கிறது: கோச் செய்தது, இருவரின் உறவு, கோச்சின் உள்ளம், இந்த அறையில் இப்போது நடப்பது, சூப்பர்வைசரின் உள்ளம், கடைசியில் இவை எல்லாவற்றையும் சூழ்ந்திருக்கும் நிறுவனம். கடிகாரத்தைப் பார்த்தவர் ஐந்தாவது கண்ணால் பார்த்தார், ஹெச்.ஆர். மேல் கோபப்பட்டவர் ஏழாவதால். புதிய குழுக்கள் முதல் கண்ணை விட்டு நகர்வதே இல்லை. அந்த மேனேஜர் எப்படிப்பட்டவர், வீட்டில் பிரச்சினையா, குணமே அப்படியா என்று அங்கே இல்லாத ஒரு மனிதரை ஒரு மணி நேரம் அலசிவிட்டுக் கலைவார்கள். சுவாரசியமாக இருக்கும். பயன் கிடையாது.

இதைவிடப் பெரிய இடைஞ்சல், அறிவுரை. நல்ல மனதோடுதான் வரும்: “என் க்ளையன்ட் ஒருத்தர் இப்படித்தான், நான் என்ன செஞ்சேன்னா...” அந்த நொடியில் பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிவிடுகிறது. நாற்காலி விதி இதற்காகவே. எதிரில் ஆள் இருந்தால் அவருக்குச் சொல்லத் தோன்றும். இல்லாதவருக்கு யாரும் அறிவுரை சொல்வதில்லை, அவரைப் பற்றி யோசிக்கத்தான் முடியும்.

நார்வேயின் வட கோடியில், ட்ரொம்சோவில், டாம் ஆன்டர்சன் என்ற மனநல மருத்துவர் இதையே தலைகீழாகச் செய்து பார்த்தார். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய குழு. முன்னால் ஒரு குடும்பமும் ஓர் இளம் மருத்துவரும். அவரை வெளியே அழைத்து நல்ல நல்ல கேள்விகளைச் சொல்லி அனுப்பினாலும், அந்தக் குடும்பத்தின் அவநம்பிக்கைக்குள்ளேயே அவர் திரும்பத் திரும்ப இழுபட்டுக்கொண்டிருந்தார். 1985 மார்ச்சில் ஒரு நாள், நாங்கள் பேசுவதை நீங்கள் கேட்கிறீர்களா என்று குழு அந்தக் குடும்பத்தையே கேட்டது. அவர்கள் சம்மதித்ததும் விளக்கையும் ஒலிபெருக்கியையும் மாற்றிப் போட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் பார்க்கப்படுகிறவர்கள் ஆனார்கள். நோயாளி காதில் விழும் என்று தெரிந்ததும் பேச்சிலிருந்த ஏளனமும் மருத்துவக் கலைச்சொல்லும் உதிர்ந்தன என்பது ஆன்டர்சனின் அனுபவம். இன்றைய கோச் குழுக்கள் இதைப் பாலின்டின் முறையோடு கலந்துகொண்டுவிட்டன.

குழு மலிவானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தனி சூப்பர்விஷனின் கட்டணத்தை ஐந்தாறு பேர் பிரித்துக்கொள்வதால்தான் பலர் இங்கே வருகிறார்கள். அங்கேயே கணக்கும் தப்புகிறது. எல்லோரும் பணம் கொடுத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் பங்கு வேண்டும் என்று இரண்டு மணி நேரத்தை ஆறாக நறுக்கினால் ஆளுக்கு இருபது நிமிடம். அதில் ஒருவர் கதையை விவரிப்பதற்குள் நேரம் போய்விடும். இரண்டு பேர் ஆழமாகப் பேசி, நாலு பேர் கேட்டுவிட்டுப் போவதே மேல். கேட்டவருக்கும் அன்று தன் க்ளையன்ட் யாராவது நினைவுக்கு வந்திருப்பார். ஆறுக்கு மேல் போனால் குழு சபையாகிவிடும்.

கூச்சம் இன்னொன்று. ஒரே ஊரில், ஒரே நிறுவனங்களின் வாசலில் நிற்கும் போட்டியாளர்கள் இவர்கள். தோற்ற கதையைச் சொன்னால் அடுத்த ஒப்பந்தம் யாருக்குப் போகும்? அதனால் முதல் சில கூட்டங்களுக்கு, பாதி வெற்றி பெற்ற கதைகளே வரும். சூப்பர்விஷன் பெற்ற கோச்சின் க்ளையன்ட் அதனால் கூடுதல் பயனடைந்தார் என்று உறுதியாகக் காட்டும் ஆய்வுகளும் மிகக் குறைவு. இதற்கு ஆதரவாக இருப்பதில் பெரும்பகுதி, செய்து பார்த்தவர்களின் சாட்சியம்தான்.

போட்டி தணிந்து நட்பு வந்தபிறகு எதிர்ப்பக்கத்துச் சிக்கல். ஆண்டுக்கணக்கில் ஓடும் குழுவில் ஒருவரையொருவர் நோகடிக்க மனம் வராது. தூக்கம் வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சூப்பர்வைசரை மாற்றிப் பார்க்கிறார்கள் சிலர். க்ளையன்டின் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு சந்திப்பின் ஒலிப்பதிவைக் கொண்டுவருவது இன்னும் நேரடியான வழி. ஐந்து நிமிடப் பதிவு போதும். க்ளையன்ட் யோசிக்க எடுத்துக்கொண்ட மௌனத்தைத் தான் எத்தனை நொடியில் உடைத்தார் என்பதை கோச் மற்ற ஐந்து பேரோடு சேர்ந்து கேட்பார். அந்த நேரத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்காது, அவரே தள்ளிக்கொள்வார்.